ஐந்து பாகமும் படித்தவரின் மனு

பெறுநர்: மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம் (1983இலேயே பெயரிலிருந்து தணிக்கை போய்விட்டது; ஊர் இன்னும் சென்சார் போர்டு என்றுதான் சொல்கிறது. அது வேறு வழக்கு.)

பொருள்: நாவல் படமாகும்போது அதன் டிரெய்லருக்குத் தனிச் சான்றிதழ் கோருவது.

ஐயா,

மனுதாரர் கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் நாவலின் ஐந்து பாகங்களையும் மூன்று முறை படித்தவர். நான்காம் முறை, வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையோடு போய்க்கொண்டிருந்தபோது, 2022 ஜூலை 8 அன்று அதன் திரைப்பட டீசர் வந்தது. குதிரை இன்னும் அங்கேயே நிற்கிறது.

அன்றிரவு மனுதாரர் வீட்டுக் கூடத்தில் நடந்ததை வாரியம் அறிய வேண்டும். கைபேசியில் டீசரை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, பாட்டியிடம் நீட்டினார். எண்பத்தெட்டு வயதுப் பாட்டி பரணிலிருந்து பைண்டு வால்யூமை இறக்கச் சொன்னார். கல்கி இதழில் வாராவாரம் வந்ததைக் கல்யாணத்துக்கு முன்பே கிழித்துச் சேர்த்துத் தைத்தது. தொட்டால் ஓரம் அப்பளமாக நொறுங்கும். அதில் மணியம் வரைந்த குந்தவையையும் டீசரில் குந்தவையாக வந்த த்ரிஷாவையும் மாறி மாறிப் பார்த்தார். "லட்சணமாத்தான் இருக்கா. ஆனா இவ குந்தவை இல்லடா." மேல்முறையீடு கிடையாது.

ஊரும் சளைக்கவில்லை. ஆதித்த கரிகாலனின் நெற்றித் திலகம் சுவரொட்டிக்கும் டீசருக்கும் ஒத்துப்போகவில்லை என்று வழக்கறிஞர் ஒருவர் இயக்குநர் மணிரத்னத்துக்கும் கரிகாலனாக நடித்த விக்ரமுக்கும் நோட்டீஸே அனுப்பினார். செப்டம்பர் 6 அன்று கமல் குரலோடு டிரெய்லர் வந்தது. படம் 30ஆம் தேதி. இடைப்பட்ட 24 நாளில் டீக்கடைக்கு ஒரு சோழ நிபுணர் முளைத்தார். 1950 முதல் 1954 வரை மூன்றரை ஆண்டு கல்கி எழுதியதை, மூன்றரை நிமிடம்கூட ஓடாத துண்டை வைத்து முடித்துவைத்தார்கள்.

2023இல் இரண்டாம் பாகம். படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் பாட்டி எழுந்திருக்கவில்லை. "மணிமேகலை எங்கடா?"

நெற்றியை அளந்தவர்கள் யாரும் ஆளைத் தேடவில்லை. கடம்பூர்க் கந்தமாறனின் தங்கை, நாவலின் முடிவில் வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுபவள், இரண்டு படத்திலும் இல்லவே இல்லை. வராதவளுக்காக யார் நோட்டீஸ் அனுப்புவது? கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி கடைசிவரை உடைத்துச் சொல்லவில்லை. படம் அந்த முடிச்சைத் தன் போக்கில் அவிழ்த்தது. சண்டை போட வேண்டிய இடம் அதுதான். டிரெய்லரில் அது எங்கே தெரியப்போகிறது? (குந்தவையைப் பாட்டி முதல் பாகத்திலேயே மன்னித்துவிட்டார்.)

ஆகவே, டிரெய்லருக்கும் யு, யுஏ 16+ என்றெல்லாம் வழங்கும் வாரியம், 'நா' என்று ஒன்றைச் சேர்க்க வேண்டுகிறார் மனுதாரர்: நாவல் படித்தவர்கள் தக்க துணையின்றிப் பார்க்கலாகாது. புகை, மது எச்சரிக்கை போல, "இதில் காணாதவர்கள் படத்திலும் காணாமல் போகலாம்" என்று கீழே ஒரு வரி ஓடினால் உபகாரமாக இருக்கும்.

இணைப்பு: பைண்டு வால்யூம், ஒன்று. பார்த்ததும் திருப்பி அனுப்பவும். மறுபடி பரணிலிருந்து எடுத்தது பாட்டிக்குத் தெரியாது.