ஆல்-இன்-ஒன்னுக்குக் கிராஃபிக்ஸ் கார்டு மாட்டுவது எப்படி?

பெங்களூரின் ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டெல் நகர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். 1894-ல் கன்னட-ஆங்கில அகராதி போட்ட ஜெர்மன் பாதிரியார் கிட்டெலின் நினைவாக வைத்த பெயர். ஆட்டோவில் ஏறி "கிட்டெல் நகர்" என்று சொல்லிப் பாருங்கள். "அது எல்லி சார்?" என்று திருப்பிக் கேட்பார். பலகையை மாற்றுவது சுலபம், உள்ளே இருப்பதை மாற்றுவது கஷ்டம். இந்த உண்மையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஆட்டோக்காரர் அல்ல, அக்கா வீட்டு ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர்.

பி.யூ.சி. படிக்கும் அக்கா மகன் ஒரு நாள் சொன்னான்: "மாமா, ஜி.டி.ஏ. கேம் திக்கித் திக்கி ஓடுது. ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டா போதும். பத்து நிமிஷ வேலைன்னு வீடியோல காட்டுறாங்க." பத்து நிமிஷ வேலைதான். ஆனால் வீடியோவில் இருந்தது மேஜைக்கு அடியில் நிற்கும் சிபியூ பெட்டி. எங்களிடம் இருந்தது திரைக்குப் பின்னாலேயே எல்லாவற்றையும் ஒளித்து வைத்திருக்கும் ஜாதி. அனுபவத்தில் கண்ட வழிமுறைகளை வரிசையாகத் தருகிறேன்.

படி 1: முதலில் கார்டை வாங்கிவிடுங்கள். கம்ப்யூட்டரின் மாடல் எண்ணைப் பார்ப்பது, போர்டில் இடம் இருக்கிறதா என்று விசாரிப்பது எல்லாம் பயந்தவர்கள் செய்வது. நேராகக் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடுக்குப் போங்கள். கடைக்காரர் "எந்த போர்டு சார்?" என்று கேட்பார். "கறுப்பு கலர்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். அவர் உங்களை ஒரு கணம் பார்ப்பார். அந்தப் பார்வையின் பொருள் வீட்டுக்கு வந்த பிறகு விளங்கும். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் தனி.

படி 2: வாங்கிய பிறகு அளந்து பாருங்கள். என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டு 304 மில்லிமீட்டர் நீளம், 61 மில்லிமீட்டர் தடிமன். அதாவது பள்ளிக்கூட ஸ்கேலைவிடச் சற்று நீளம், தடிமனில் ஒரு ரொட்டிப் பாக்கெட். நாங்கள் வாங்கியது இதைவிடச் சிறியதுதான். ஆனாலும் கார்டைக் கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்த அக்கா, "இதுக்குள்ள அது போகுமா, அதுக்குள்ள இது போகுமா?" என்று கேட்டாள். அன்று அந்த வீட்டில் கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அது.

படி 3: மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எங்கள் கம்ப்யூட்டரின் அடாப்டர் தருவது 90 வாட். திரை, பிராசஸர், ஃபேன், ஸ்பீக்கர் எல்லாருக்கும் சேர்த்துச் சமைத்த சாப்பாடு அது. ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற நடுத்தர விருந்தாளி தனக்கு மட்டும் 115 வாட் கேட்பார். 4090-க்கு 450 வாட் வேண்டும், கிட்டத்தட்ட ஒரு மிக்ஸி. "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று பஸ்ஸில் மூன்றாவது ஆளுக்கு இடம் வாங்கிவிடலாம், அடாப்டரிடம் வாங்க முடியாது.

படி 4: திறங்கள். திரையைக் குப்புறப் படுக்க வைத்து, அடியில் ஒரு போர்வையை விரியுங்கள். நான்கு திருகு கழன்றதும் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப்புகள் கவ்விப் பிடித்திருக்கும். காலாவதியான ஏ.டி.எம். கார்டை இடுக்கில் விட்டு மெல்ல நகர்த்த வேண்டும். ஒவ்வொரு கிளிப்பும் 'டக்' என்று விடும். ஒன்று மட்டும் 'படக்' என்றது. அது உடைந்தது.

படி 5: ஸ்லாட்டைத் தேடுங்கள். உள்ளே ஒரு சின்ன போர்டு, செம்புக் குழாய் ஒன்று, தூசி படிந்த ஒரு ஃபேன். அதைப் பார்த்தால் லேப்டாப்பின் வயிற்றைப் பார்த்த மாதிரியே இருக்கும், ஏனென்றால் பெரும்பாலான ஆல்-இன்-ஒன் திரையை நிமிர்த்தி வைத்த லேப்டாப்தான். கிராஃபிக்ஸ் வேலையைப் பிராசஸரே பார்த்துக்கொள்ளும், அல்லது அதற்கான சிப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கார்டு மாட்டும் நீள ஸ்லாட் கிடையாது. நாங்கள் டார்ச் அடித்து அரை மணி நேரம் தேடினோம்.

விதிவிலக்கும் உண்டு. எம்.எக்ஸ்.எம். என்ற சின்ன வகைக் கார்டைக் கழற்றி மாட்டும்படி சில ஆல்-இன்-ஒன்கள் வந்தன. 2011-ன் 27 அங்குல ஐமேக் அப்படிப்பட்டது. அவற்றில் சிலவற்றின் ஏ.எம்.டி. கார்டுகள் பழுதானபோது, 2013-ல் ஆப்பிள் இலவசமாக மாற்றிக் கொடுக்கும் திட்டம் அறிவித்தது. அதற்குள் ஐமேக் மெலிந்துவிட்டது. 2021-ல் வந்த எம்1 ஐமேக்கில் பிராசஸர், கிராஃபிக்ஸ் இரண்டும் ஒரே சிப்.

படி 6: வெளியே மாட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். சரிதான், கார்டுக்குத் தனிப் பெட்டி, தனி மின்சாரம் கொடுத்து வயரில் இணைக்கலாம். அதற்குக் கம்ப்யூட்டரில் தண்டர்போல்ட் போர்ட் இருக்க வேண்டும், விலை குறைந்தவற்றில் அது இருப்பதில்லை. பெட்டியும் கார்டும் சேர்ந்து ஆகும் செலவுக்கு அநேகமாக இன்னொரு கம்ப்யூட்டரே வந்துவிடும்.

படி 7: மூடுங்கள். இரண்டு திருகு மிஞ்சும். டப்பாவில் போட்டு வையுங்கள்.

இப்போது வேடிக்கையை விட்டுச் சொல்கிறேன். திறந்தது முழுக்க வீணாகவில்லை. உள்ளே ரேம் போட இரண்டு இடம் இருந்தது, ஒன்று காலி. தனி நினைவகம் இல்லாத கிராஃபிக்ஸ், ரேமிடம்தான் கடன் வாங்கி வேலை செய்கிறது. ஒற்றை ரேம் என்றால் பாதை ஒன்று, ஜோடி என்றால் இரண்டு. மறுநாள் இன்னொரு 8 ஜி.பி. ரேம் போட்டோம், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டினோம். ஜி.டி.ஏ.-வின் அமைப்புகளைக் குறைத்து வைத்தால் இப்போது திக்காமல் ஓடுகிறது. மருமகனுக்கு முழு திருப்தி இல்லை. அக்காவுக்கு உண்டு, பட்டனைத் தட்டியதும் கம்ப்யூட்டர் எழுந்துவிடுகிறது.

வாங்கிய கார்டு டப்பாவோடு பீரோவின் மேல் இருக்கிறது. ஆகவே, வீட்டில் விளையாடுகிற பிள்ளை இருந்தால் பெட்டி கம்ப்யூட்டரே வாங்குங்கள். ஆல்-இன்-ஒன் ஏற்கெனவே வாங்கியிருந்தால், பர்ஸைத் திறப்பதற்கு முன் அதன் முதுகைத் திறந்து பாருங்கள்.