அரை மணி நேரம்

1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கு எங்கள் லயத்தில் அப்பா சுவர்க் கடிகாரத்தை இறக்கி, முள்ளைப் பன்னிரண்டுக்குத் தள்ளி வைத்தார். சபா, சரவாக்கோடு தீபகற்ப மலேசியாவும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் முடிவு. அந்த ஜனவரியில்தான் நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு, கிள்ளான் பட்டணத்துப் பள்ளியொன்றில் புகுமுக வகுப்புக்குப் போனேன்.

பள்ளி ஏழரைக்கு. புதிய நேரத்தின்படி ஜனவரியில் சூரியன் ஏழு இருபதுக்கு மேல்தான் தலைகாட்டும். கன்னங்கரேலென்ற இருட்டில் அம்மா மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றி எங்களை எழுப்புவாள். "மரத்துக்கு மணி தெரியாதுடா" என்பாள். ரப்பர்ப் பால் நன்றாக வடிய வேண்டுமானால் குளிர்ச்சி அடங்குவதற்குள் சீவியாக வேண்டும். அதனால் பெரட்டு எப்போதும் இருட்டில்தான். கிராணி பெயர் கூப்பிட, அப்பாவும் அம்மாவும் குரல் கொடுப்பார்கள். பெரட்டு கலைந்து, ஆட்களைக் காட்டில் இறக்கிவிட்டு வந்த பிறகுதான் லாரி எங்களை ஏற்றும். மழை பெய்தால் பெரட்டு இழுக்கும். லாரி சேற்றில் மாட்டினால் அன்று இன்னும் தாமதம்.

பள்ளி கேட் ஏழரைக்குச் சாத்தப்படும். மாணவர் தலைவர்கள் எங்கள் பெயரை எழுதிக்கொள்வார்கள். சபைகூடல் முடிந்ததும் கட்டொழுங்கு ஆசிரியர் ரோத்தான் பிரம்போடு வருவார். ஒரே லாரியில் வந்த பதினொரு பேரும் வரிசையாக நின்று கையை நீட்டுவோம். முதல் அடியைவிட, வரிசையில் அடுத்தவன் நான் என்று தெரிந்து நிற்கும் அந்தக் கணம்தான் வலித்தது. லாரி ஏன் தாமதம் என்று அந்த வருடம் முழுக்க ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் மலாயில் பதில் சொல்ல எங்களில் பலருக்கு அப்போது வாய் வராது. "ஹாடிர், சிக்கு" என்று சொல்லப் பழகவே எனக்கு ஒரு வாரமானது.

தோட்டத்துப் பள்ளியில் "உள்ளேன் ஐயா" போதும். பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். அப்படிப் பிறந்த பள்ளிகளில் ஒன்றுதான் எங்களுடையதும். பலகைச் சுவர், இரண்டு ஆசிரியர்கள், ஒரே அறையில் மூன்று வகுப்புகள். வசதி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருவன் வரவில்லை என்றால் பெரிய பையன் ஒருவனை லயத்துக்கு அனுப்புவார் ஆசிரியர். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வான்: "காய்ச்சல் ஐயா." "தங்கச்சியப் பாத்துக்கிட்டு இருக்கான் ஐயா." சில நாள் ஆசிரியரே பள்ளி விட்டதும் லயத்துப் பக்கம் நடந்து வந்து வாசலில் நின்று கேட்பார். அம்மா அவசர அவசரமாக முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி தேடுவாள்.

பட்டணத்துப் பள்ளிக்கும் லயத்துக்கும் நடுவே பதினோரு கிலோமீட்டர். அங்கிருந்து யாரும் வரவில்லை. என்னையும் சேர்த்து லாரியில் ஏறிய பதினொரு பேரில், மூன்றாம் படிவத்து எஸ்.ஆர்.பி. தேர்வு வரை உட்கார்ந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்களின் பெயருக்கு நேரே முதலில் சிவப்புக் கோடுகள் சேர்ந்தன. பிறகு ஒரு நாள் பெயர் மேலேயே கோடு விழுந்தது. அவர்களில் மூவர் அதே தோட்டத்தில் பெரட்டுக்கு நின்றார்கள். அடி தாங்காமல் நின்றவன், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் நின்றவன், மொழி புரியாமல் நின்றவன் எல்லோரும் அந்தப் பதிவேட்டில் ஒன்றுதான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நான் ஆசிரியரானேன். இப்போது பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்தில் வேலை. கிள்ளானிலிருந்து கொமியூட்டர் பிடித்து, பழைய ரயில்வே யார்டு இருந்த இடத்தில் எழுந்த கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடக்கிறேன். ஒரு காலத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் இந்தத் தெருக்களில் நடந்தே பள்ளிக்கு வந்தார்கள். என் வகுப்பில் பாதிப் பேர் பூச்சோங்கிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வேனில் வருகிறார்கள். ஐந்தரைக்கு எழுகிற ஏழு வயதுப் பிள்ளை நெடுஞ்சாலை நெரிசலில் வேனிலேயே இரண்டாம் தூக்கம் தூங்கிவிட்டு வருகிறது.

2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை. அந்தச் சட்டத்தை நான் மனதார வரவேற்றவன். வருகையைக் கல்வி அமைச்சின் ஐடிமீ தளத்தில் பதிகிறோம். தொடர்ந்து 3 நாள், அல்லது விட்டு விட்டு 10 நாள் வராவிட்டால் முதல் எச்சரிக்கைக் கடிதம். பிள்ளை வரவில்லை என்றால் ஒன்பது மணிக்குள் பெற்றோரின் புலனத்துக்குச் செய்தி போய்விடுகிறது. என் காலத்தில் இதில் ஒரு பங்கு இருந்திருந்தால் அந்த ஏழு பேரில் இரண்டு பேராவது தப்பியிருப்பார்கள்.

ஆனால் கடிதம் லயத்துக்கு நடந்து வந்த ஆசிரியர் இல்லையே. சென்ற ஆண்டு நான்காம் ஆண்டுப் பையன் ஒருவனுக்கு முதல் கடிதம் தயாரானது. அதில் கையெழுத்துப் போடும் முன் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அம்மா ராத்திரி வேல சார். எட்டு மணிக்குத்தான் வருவாங்க. தங்கச்சிய நான்தான் கெளப்பணும். அது சாக்ஸ் போட மாட்டேங்குது. வேன்காரரு ஹார்ன் அடிச்சிட்டுப் போயிடுறாரு."

அன்று மாலை அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடிக்கு ஏறினேன். லிப்ட் ஓடவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அந்தத் தாய், என் அம்மாவைப் போலவே கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி தேடினார். மறுநாள் நானே வேன்காரரிடம் பேசினேன். முதலில் ஏற்றும் இந்தப் பிள்ளைகளைக் கடைசியில் ஏற்றினால் இருபது நிமிடம் கிடைக்கும். அவரும் நல்ல மனிதர், ஒத்துக்கொண்டார். கடிதம் அனுப்பவில்லை.

இந்த பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, ஏழு மணிக்குச் சற்று முன்பு, கேட் பக்கம் கடமையில் நின்றேன். தெருவிளக்கு இன்னும் அணையவில்லை. வேனிலிருந்து முதலில் அவன் குதித்தான். பிறகு திரும்பி, இரண்டு கையாலும் தங்கையை இறக்கினான். அவள் காலில் ஒரு சாக்ஸ் வெள்ளை, ஒன்று சாம்பல்.

"வந்துட்டோம் சார்" என்றான்.