ஸ்பிரிங் மாமா

எங்கள் அடுக்ககத்தில் யாராவது புதுக் கார் வாங்கினால் முதலில் எலுமிச்சம்பழம், அடுத்து ஸ்பிரிங் மாமா. டயரில் நசுங்கிய பழத்தின் ஈரம் காய்வதற்குள் வந்துவிடுவார். பானெட் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி, முழு எடையையும் போட்டு அமுக்கிவிட்டுச் சட்டென்று கையை எடுப்பார். வண்டி ஒருமுறை எழும்பி அடங்கினால் முகம் மலரும். இரண்டாம் முறையும் ஆடினால் போச்சு, துக்கம் விசாரிக்க வந்தவர் முகமாகிவிடும். "போகப்போகப் பழகிடும்" என்பார். வண்டிக்கா, முதுகுக்கா என்று கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது.

மாமா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நெற்றியில் விபூதி, பையில் வெர்னியர். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: நீங்கள் பேசுவது அவர் காதில் விழாது. கண்ணைப் பாதி மூடி, நாற்காலி வழியாகச் சாலையைக் கேட்டுக்கொண்டிருப்பார், கச்சேரியில் முதல் வரிசை ரசிகர் போல. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் "ச்சு" என்பார். பாட்டு சரியில்லை என்று அர்த்தம்.

இந்த வியாதி பரம்பரையாக வந்தது என்பது மாமியின் கட்சி. தாத்தா கும்பகோணம் பக்கம் வில்வண்டி வைத்திருந்தாராம். ஊரில் மற்றவர்கள் கட்டை வண்டியில் எலும்பு எண்ணிக்கொண்டு போக, அடியில் வில் வைத்த வண்டியில் தாத்தா வெற்றிலைச் சாறு சிந்தாமல் போவாராம். அந்த வில்லின் பேரன்தான் அம்பாசடரின் பின்புறக் கமான் பட்டை என்பார் மாமா. 2014இல் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்ற செய்தி வந்த அன்று ராத்திரி அவர் மோர் மட்டும்தான் குடித்தார்.

எல்லாக் கஷ்டமும் எங்கள் தெரு முனை வேகத்தடையில் ஆரம்பித்தது. வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்று இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் சொல்லியிருக்கிறது. மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டேப்போடு போய்க் குந்தி உட்கார்ந்து அளந்தார். உயரம் 18, அகலம் அரை மீட்டர்கூட இல்லை. "இது தடையில்லை, திண்ணை" என்றார். திண்ணையை இடிக்க முடியாது. அதனால் தன் காரின் ஸ்பிரிங்கை மாற்றுவது என்று முடிவாயிற்று.

துணைக்கு என்னைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைக்கு அழைத்துப் போனார். கடைக்காரப் பையன், "என்ன வண்டி சார்?" என்றான். பெண் பார்க்கப் போன இடத்தில் சம்பளத்தைக் கேட்டதுபோல மாமா முகம் சுளித்து, வெர்னியரை எடுத்தார். ஒரு ஸ்பிரிங்கில் கம்பி கனம் 12 மில்லிமீட்டர், இன்னொன்றில் 13.

"ஒரு மில்லிதானே சார், எதை வேணா போட்டுக்கோங்க."

"ஒரு மில்லியா? கனத்தை நாலு தடவை பெருக்கணும்டா! 13 போட்டா விறைப்பு 38 சதவீதம் ஏறிடும்."

"அப்ப விலையையும் நாலு தடவை பெருக்கிக்கலாமா சார்?"

கணக்கு என்னவோ சரிதான், மற்ற அளவுகள் மாறாதவரை. ஸ்பிரிங் மேல் பெயிண்டால் வைத்திருக்கும் நிறப் புள்ளிகளைப் பார்த்து ஜோடி சேர்த்தார். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் வேறு என்று போட்டால் குடும்பம் நடக்காதாம். மெலிந்த கம்பியையே வாங்கினோம்.

முதல் நாள் சொர்க்கம். திண்ணை மேல் கார் பல்லக்காகப் போயிற்று. அடுத்த வாரம் ஐந்து பேரும் ஒரு சூட்கேஸுமாகக் காஞ்சிபுரம் கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். மெத்தென்ற ஸ்பிரிங் பாரத்தில் பாதி அமுங்கிவிட்டது. பள்ளம் வந்தபோது அமுங்கப் போதிய இடமில்லை. அடியிலிருந்த ரப்பர்க் கட்டையில் 'டங்'. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைவிட மாமாவின் இடுப்பைத்தான் அதிகம் விசாரித்தார்கள். போதாக்குறைக்கு நேர்ச்சாலையிலும் வண்டி தோணியாக ஆடி, மாமி வாலாஜாபாத்தில் இறங்கி வாந்தி எடுத்தாள்.

பிறகு யாரோ சுருளுக்கு நடுவே ரப்பர் வளையம் சொருகச் சொன்னார்கள். சொருகினால் அந்த இடத்துச் சுருள் வேலை செய்யாது, மிச்சச் சுருள்தான் அமுங்கும். 'டங்' போய் 'டக்' வந்தது. மூன்றாவதாக ஒரு மெக்கானிக், "ஒரு சுத்து வெட்டிட்டா மெத்துனு ஆயிடும் சார்" என்றார். ஊரில் பாதிப் பேர் நம்பும் புளுகு இது. ஸ்பிரிங் நீளம் குறையக் குறைய விறைப்புதான் கூடும். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் இருபது சதவீதம். மாமாவுக்கு இது தூக்கத்திலும் தெரியும். இருந்தும் வெட்டச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "அனுபவிச்சுப் பார்க்கணும் இல்லையா?" என்றார். அன்று முதல் திண்ணை காரின் வயிற்றையே தடவிற்று.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் பரீட்சை உண்டு. 1948இல் வந்த சிட்ரோயன் 2சிவி காரை, உழுத வயலில் போனாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது என்று சொல்லி வடிவமைத்தார்கள். மாமா சைவம். எனவே தக்காளி ரசம். மாமியின் மடியில் எவர்சில்வர் தூக்கு, மூடி திறந்து, விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை. சிந்தியதை மாமா கணக்கு நோட்டில் எழுதுவார். மாமி புடவையில் வைத்திருந்தாள். மஞ்சள், பழுப்பு, நாலு வருஷத்துப் பதிவு. கடைசியில், கம்பெனி கொடுத்த பழைய ஸ்பிரிங்கைப் பரணிலிருந்து இறக்கினார்கள். பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்தார். அன்று ரசம் சிந்தவில்லை. அதைப் பற்றி மாமா யாரிடமும் பேசுவதில்லை.

போன மாதம் பேத்தி பிறந்தாள். தூளி கட்ட மாமா மூன்று விதத் தொட்டில் ஸ்பிரிங் வாங்கி வந்து, மூன்றேகால் கிலோ அரிசியைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, செல்போனில் நேரம் பார்த்தார். ஒரு நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஆட்டம். நல்ல காருக்கு இதுதான் சுகமான கணக்கு. இரண்டாவது ஸ்பிரிங் ஒன்றேகாலில் நின்றது. வெற்றியோடு குழந்தையைப் போட்டார். அது வீறிட்டது. அரிசி அழவில்லையே என்று மாமா யோசித்துக்கொண்டிருக்கும்போது மாமி குழந்தையை எடுத்து, தரையில் காலை நீட்டி, கணுக்கால் மேல் கிடத்தி ஆட்டினாள். இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிட்டது.

மாமா செல்போனோடு நெருங்கினார்.

"எண்ணிக்கோங்கோ. கையை வச்சு அமுக்கிப் பார்க்கறேன்னு மட்டும் கிட்ட வராதேங்கோ" என்றாள் மாமி.