சர்வதேசத் தேர்தல் நிபுணர் ஆவது எப்படி? (கன்னிவாடிக்காரர்களுக்கு மட்டும்)

சட்டமன்றத் தேர்தலில் ஒரு தடவையாவது பூத் டியூட்டி பார்த்த வாத்தியாரா நீங்கள்? பாஸ்போர்ட்டைத் தேடி எடுங்கள். உள்நாட்டுப் போர் ஓய்ந்த ஏதோ ஒரு நாடு உங்கள் யோசனைக்காகத் தவித்துக்கொண்டிருக்கிறது.

தகுதி உங்களிடம் தாராளமாக உண்டு. விடிகாலையில் ஏஜென்ட்டுகள் கொட்டாவி விட விட ஐம்பது ஓட்டுப் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அழித்து, சீல் வைத்து, சாயங்காலம் பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவத்தில் கையெழுத்து வாங்கிய கை உங்களுடையது. அந்த ஊர்களில் இதற்கெல்லாம் ஒரு வாரப் பயிலரங்கம், மதியச் சாப்பாட்டோடு. நேர்காணலில் ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் திருமங்கலம் ஃபார்முலா பற்றிக் கேட்டால் மட்டும் கணக்குப் பாடம் என்று நினைத்ததாகச் சொல்லிவிடுங்கள்.

கிளம்பும்போது மையை மறக்கவேண்டாம். 1937-ல் மைசூர் மன்னர் தொடங்கிய பெயின்ட் கம்பெனியின் சரக்கு அது. 1962 பொதுத்தேர்தலிலிருந்து நம் விரலில் இருக்கிறது, கம்போடியாவரை போயிருக்கிறது. 2004 அக்டோபர் 9 அன்று ஆப்கானிஸ்தான் அதிபர் தேர்தலில் பல சாவடிகளில் ‘அழியாத’ மை கழுவியதும் போய்விட்டது. விரலில் மை தடவும் பேனாவுக்குப் பதிலாக வாக்குச்சீட்டில் குறியிடும் பேனாவை எடுத்துவிட்டார்களாம். இடைக்கால அதிபர் கர்சாயை எதிர்த்து நின்றவர்கள் ஓட்டுப்பதிவு முடிவதற்குள்ளேயே புறக்கணிப்பு அறிவித்துவிட்டார்கள். ஆகவே முதலில் உங்கள் விரலில் தடவி, சோப்புப் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். இதற்கும் ஆலோசனைக் கட்டணம் உண்டு.

பணம் எவ்வளவு கேட்பது? கூச்சப்படாதீர்கள். 1992-ல் அங்கோலாவில் ஏறத்தாழ 6,000 சாவடிகளுக்கு ஐ.நா. அனுப்பிய பார்வையாளர்கள் வெறும் 400 பேர். தேர்தல் பொதுவாகச் சுதந்திரமாகவும் நியாயமாகவும் நடந்தது என்று ஐ.நா. சான்றும் தந்தது. வாக்கில் பின்தங்கிய கிளர்ச்சித் தலைவர் சவிம்பி அதை ஏற்கவில்லை. மறுபடி தொடங்கிய போர், 2002-ல் அவர் கொல்லப்பட்ட பிறகுதான் ஓய்ந்தது. சிக்கனம்தான் காரணம் என்பார்கள். அப்படியானால் கம்போடியாவைப் பாருங்கள்: 1993-ல் ஐ.நா. 150 கோடி டாலருக்கு மேல் கொட்டியது, ஏறத்தாழ 90 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். 120 இடத்தில் இளவரசர் ரணரித் கட்சிக்கு 58, பிரதமராக இருந்த ஹுன் சென் கட்சிக்கு 51. தோற்ற ஹுன் சென் நாற்காலியை விடுவதாக இல்லை. சமரசமாக ரணரித் முதல் பிரதமர், ஹுன் சென் இரண்டாம் பிரதமர் என்று இருவர். (அ.தி.மு.க.வில் ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் பார்த்த நமக்கு இது புதிதா?) 1997 ஜூலையில் இரண்டாமவர் முதலாமவரைத் துரத்திவிட்டார்.

தோற்றவரை என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் இருக்காது. அங்கே உங்கள் சொந்த மாவட்டச் சரக்கை எடுத்துவிடலாம்: 1973 மே மாதம் திண்டுக்கல் இடைத்தேர்தலில், பிறந்து ஏழே மாதமான அ.தி.மு.க.விடம் மாநில ஆளுங்கட்சியான தி.மு.க. தோற்றது மட்டுமல்ல, மூன்றாம் இடத்துக்குப் போனது. யாரும் துப்பாக்கியோடு சிறுமலை ஏறவில்லை. இதை எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்பார்கள். பதில் தெரியாவிட்டால் ‘நிறுவனத் திறன்’ என்று சொல்லுங்கள், எழுதிக்கொள்வார்கள்.

எங்கே வேண்டுமானாலும் போங்கள், யாழ்ப்பாணத்துக்கு மட்டும் யோசித்துப் போங்கள். அங்கே மொழிபெயர்ப்பாளர் இல்லை, தமிழிலேயே கேள்வி வரும். போர் முடிந்து நான்கு வருடம் கழித்து, 2013 செப்டம்பர் 21-ல் வட மாகாண சபைத் தேர்தல் நடந்தது. காமன்வெல்த்திலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். 38 இடத்தில் 30-ஐ தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வென்றது, விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். அவருக்கு மேலே ஆளுநராக ஓய்வுபெற்ற ராணுவ மேஜர் ஜெனரல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். 2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதன்பின் வருடங்கள் ஓடின, தேர்தல் மட்டும் வரவில்லை. பெட்டியை எப்படிப் பூட்டுவது என்று நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து ஒரு ஆச்சி எழுந்து, “பெட்டி கிடக்கட்டும் தம்பி, தேர்தல் எப்ப வைப்பினம்?” என்று கேட்கக்கூடும். உடனே தேநீர் இடைவேளை அறிவித்துவிடுங்கள்.