போட்டோவுக்கு ஒரு மீன்

மணிமுத்தாற்றில் வருடத்தில் பல மாதம் ஓடுவது மணல்தான். அதனால் விருத்தாசலத்துத் தூண்டில்காரருக்கு வெள்ளாற்று மடுவோ, குத்தகைக்காரர் கண்ணில் படாத ஏதாவது ஏரிக்கரையோதான் கதி. ஞாயிற்றுக்கிழமை பீங்கான் பட்டறைக்கு லீவு விட்டதும் கிளம்பிவிடுவார். ஆன்லைனில் வாங்கிய ரீல் தூண்டில், ரப்பர் தவளை, கறுப்புக் கண்ணாடி, கூடவே மச்சினன். மச்சினனுக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது. போன் பிடிக்கத் தெரியும், அது போதும்.

மீனைக் கொல்வது இவர் கொள்கைக்கு விரோதம். “பிடிக்கணும், விட்டுடணும். வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான்” என்பார். பிடிப்பதற்கும் விடுவதற்கும் நடுவில் நடப்பதைத்தான் பார்க்க வேண்டும். காய்ந்த கையால் மீனை இறுக்குவார். உடம்பின் வழுவழுப்பு, நோய் அண்டாமல் காக்கும் அதன் கவசம், உள்ளங்கையோடு வந்துவிடும். செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கி, இரண்டு கையையும் கேமராப் பக்கம் முழுசாக நீட்டுவார். அரைக் கிலோ கெண்டை படத்தில் இரண்டு கிலோவாகிவிடும்.

“மாப்ள, சூரியன் எந்தப் பக்கம்?”

“மாமா, கண்ணாடியைக் கழட்டுங்க, மூஞ்சி தெரியல.”

மீன் வாயைப் பிளக்கும். “சிரிக்குது பாரு!” என்பார் மாமா.

இதே மனிதர் பட்டறையில் வேறு ஆள். பிளாஸ்டர் அச்சிலிருந்து எடுத்து இன்னும் சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மையை, விரல் தடம் படாமல் இரண்டு கையிலும் ஏந்தி நடப்பார். யாராவது குறுக்கே வந்தால் கத்துவார்.

அவர் மேற்கோள் காட்டும் வெளிநாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், திருப்பி விட்டாக வேண்டிய சால்மன், ஸ்டீல்ஹெட் மீன்களை ஆற்றிலிருந்து முழுசாக வெளியே தூக்குவதே குற்றம். ஃபுளோரிடாவில் 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்ப்பன் மீனைத் தண்ணீரிலேயே வைத்திருக்க வேண்டும். காரணம் இருக்கிறது. ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் வானவில் டிரவுட் மீன்களைக் களைக்கும்வரை நீந்தவிட்டுச் சோதித்து 1992இல் எழுதினார்கள். காற்றில் தூக்காத மீன்களில் நூற்றுக்கு 88, பன்னிரண்டு மணி நேரம் கழித்தும் உயிரோடு இருந்தன. அரை நிமிடம் தூக்கி வைத்தவற்றில் 62. ஒரு நிமிடம் என்றால் 28தான். நம்மவர் போட்டோ ஒரு நிமிடத்தில் முடிந்ததாகச் சரித்திரம் கிடையாது.

விரால் மாட்டினால் மட்டும் விஷயம் வேறு. அது காற்றையும் சுவாசிக்கும். மாமா தலையைச் சீவி முடிக்கும்வரை தாக்குப்பிடிக்கும்.

நம் நாட்டிலும் மீனை விடுவதற்குப் படம் எடுக்கிறார்கள். குஜராத் கடலில் வலையில் சிக்கும் திமிங்கிலச் சுறா, 2001 முதல் புலிக்குச் சமமாகச் சட்டப் பாதுகாப்பு பெற்றது. அதை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. முன்பெல்லாம் அதிகாரி கடலுக்கு வந்து பார்த்தாக வேண்டும், அதுவரை சுறா வலையிலேயே கிடக்கும். பிறகு மீனவர் கையிலேயே கேமராவைக் கொடுத்தார்கள். சுறா தண்ணீரில் இருக்கும்போதே படம் எடுத்து, வலையை அறுத்துவிட்டு, படத்தைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளலாம். அந்தப் படத்தில் மீனவர் முகம் அழகாக விழ வேண்டிய கட்டாயமும் இல்லை.

இன்னொரு கூத்து உண்டு. இவர் கருணையோடு திருப்பி விடுவதில் பெரும்பாலானவை ஜிலேபிக் கெண்டை. 1952இல் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டு, நம் ஏரி குளங்களில் நாட்டு மீன்களை நெருக்கித் தள்ளிக்கொண்டிருக்கும் இனம். சில நாள் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மாட்டும். அதை வளர்க்கவே 2000இல் மத்திய அரசு தடை போட்டது. அதையும் முத்தம் கொடுத்து வழியனுப்புவார்.

பக்கத்தில் மூங்கில் கழியும் மண்புழுவுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே தன் கூடையை நிரப்பிக்கொண்டு போய்விடுவார்.

வீட்டில் கேள்வி ஒன்றுதான்: “மீன் எங்க?”

“விட்டுட்டேன்.”

“அப்ப ராத்திரிக்கும் சாம்பார்தான்.”

இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால் சொல்லிவையுங்கள்: ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் குழம்புக்கு வரட்டும். நாட்டுக் கெண்டைக் குஞ்சை விடுவதானால் முதலில் கையை நனைத்துக்கொள்ளட்டும், தண்ணீருக்குள்ளேயே கொக்கியைக் கழற்றட்டும். படம் வேண்டுமென்றால் மச்சினன் முழங்கால் தண்ணீரில் இறங்கி எடுக்கட்டும்.