பீரோவில் பூட்டுங்கள் கத்தரிக்கோலை

கேள்வி: கொடைக்கானலிலிருந்து வாங்கி வந்த ஹைட்ராஞ்சியா தொட்டியில் இருக்கிறது. குளிர்காலத்துக்கு அதை எப்படித் தயார்ப்படுத்துவது? எதையாவது போட்டு மூட வேண்டுமாமே?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மூடுவார்கள். அங்கே விழுவது உறைபனி. செடி கருகாமலிருக்கக் கோத்தகிரி மிலாறுச் செடிகளால் மறைப்பு கட்டுவார்கள். உங்கள் ஊரில் வெள்ளை வெளேரென்று பரந்து கிடப்பது அப்பளம் மட்டும்தானே அம்மா! அதற்குப் பயந்து செடிக்குக் கம்பளி எதற்கு?

உங்கள் செடிக்குக் கண்டம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். செங்கல் மேல் தூக்கி வைத்து, அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தரிக்கோலைப் பீரோவில் பூட்டுங்கள். வழக்கமான வகைகளில் அடுத்த பூவுக்கான மொட்டு பழைய கிளையில்தான் உருவாகும். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற கையோடு அதையும் 'ஒழுங்கு' பண்ணினால், போச்சு. பூத்து முடிந்த கையோடு வெட்டுவதே முறை.

சித்திரை வெயிலில் காலை இளவெயில் மட்டும் படட்டும். புளிப்பு மண்ணானால் பூ நீலம், சுண்ணாம்பு மண்ணானால் ரோஸ்.

அதெல்லாம் பூத்தால்! பெரும்பாலான வகைகள் மொட்டுக் கட்டுவதற்குச் சில வாரங்கள் தொடர்ந்து 18 டிகிரிக்குக் கீழே குளிர் வேண்டும். அதற்கு மாஞ்சோலை மலைதான் ஏற வேண்டும். தை மாத ராத்திரியில்கூடக் கல்லிடையில் கிடைக்காது. இலை போதுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். கொத்துப் பூதான் வேண்டுமென்றால், பேசாமல் ஒரு இட்லிப்பூச் செடி நடுங்கள்.