பயோடேட்டா அண்ணன்

பயோடேட்டா அண்ணன் கீழ்வேளூர் கடைத்தெருவில் ஜெராக்ஸ் மெஷினுக்கும் லேமினேஷன் பெட்டிக்கும் நடுவில் காணப்படுவார். திருவாரூர்–நாகப்பட்டினம் சாலையில் எந்த ஊரில் இறங்கினாலும் இந்த இனத்தில் ஒருவர் அகப்படுவார். வேலைக்கு மனுப் போடுகிறவரின் வாழ்க்கையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தடித்த எழுத்தில் தலைப்புப் போட்டு, அடிக்கோடும் இழுத்துத் தருவது இவர் தொழில்.

பகுதிகளில் முதலாவது, பெரியது, பெரும்பாலும் ஒரே பகுதி, ‘தனிப்பட்ட விவரங்கள்’. பெயர் ஒரு வரி. தகப்பனார் பெயர், தகப்பனார் தொழில், தகப்பனாருக்குச் சொல்லும்படி தொழில் இல்லையென்றால் தாத்தாவின் தொழில். அடுத்து முகவரி: கதவு எண், தெரு, கிராமம், அஞ்சல், வழி, வட்டம், மாவட்டம். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991-இல். அண்ணனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அடைப்புக்குறிக்குள் ‘பழைய தஞ்சாவூர்’ என்று சேர்த்த பிறகுதான் அடுத்த வரிக்குப் போவார். நிரந்தர முகவரியும் தற்காலிக முகவரியும் ஒன்றே என்று சொன்னாலும் இரண்டையும் முழுதாக அடிப்பார். இதற்குள் பக்கத்தில் பாதி போய்விடும்.

மீதிப் பாதி உடம்புக்கு. ரத்த வகை, உயரம், எடை. பள்ளி மாற்றுச் சான்றிதழை வாங்கி அங்க மச்ச அடையாளத்தையும் எடுத்துப் போடுவார். கல்யாணத் தரகர்களுக்கும் இதே கடையில் இதே ஃபைலில்தான் அச்சாகிறது என்பதால், முன்பு வந்தவர் விட்டுப்போன சில வரிகள் அப்படியே தங்கிவிடும். திருப்பூர் பனியன் கம்பெனிக் கணக்கர் வேலைக்குப் போன ஒரு மனுவில் ‘பூரட்டாதி 3-ஆம் பாதம், கும்ப ராசி’ என்று இருந்தது. பொழுதுபோக்கு, வட்டம் முழுவதற்கும் கேரம்.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வயது, மதம், திருமண நிலை, புகைப்படம் எதையும் பயோடேட்டாவில் போடுவதில்லை. அவற்றைப் பார்த்து ஆளை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக. இதை எடுத்துச் சொன்னால், “அப்புறம் யாரு வூட்டுப் புள்ளைன்னு எப்படித் தம்பி தெரியும்?” என்பார்.

1482 வாக்கில் லியொனார்தோ டா வின்சி மிலான் நகரத்து ஆட்சியாளர் லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு எழுதிய கடிதத்தைத்தான் உலகின் முதல் பயோடேட்டா என்று பலர் சொல்கிறார்கள். தூக்கிச் செல்லும் பாலம், பீரங்கி, மூடிய போர் வண்டி என்று தான் செய்யக்கூடியதை எண் போட்டு அடுக்கிவிட்டு, ஓவியமும் வரும் என்பதைக் கடைசியில் வைத்தார். போர்க்காலத்து ஆட்சியாளருக்கு எது தேவையோ அது மேலே. அண்ணன் கையில் கிடைத்திருந்தால் பத்திரம் எழுதும் தகப்பனார் முதல் வரிக்கு வந்திருப்பார். பாலமும் பீரங்கியும் ‘இதர’வுக்குப் போயிருக்கும்.

‘இதர’ என்பது கடைசிப் பகுதி. சிரிக்க முடியாத இடமும் இதுதான். மூன்று பருவம் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தராக இருந்த ஒரு பெண், தனியார் கிடங்கு வேலைக்கு எழுத வந்தாள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று கருவியில் பார்த்திருக்கிறாள். 40 கிலோ மூட்டைகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறாள். சிட்டா அடங்கலைச் சரிபார்த்திருக்கிறாள். மழை மேகம் திரளும்போது வரிசையில் நிற்கும் விவசாயிகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். கிடங்குக்காரர் தேடுவது இவளைத்தான். அத்தனையும் ‘இதர: கொள்முதல் அனுபவம் உண்டு’ என்று நான்கு சொல்லில் முடிந்தது. “பர்மனென்ட் இல்லையே பாப்பா” என்பது அண்ணன் சொன்ன காரணம். டெல்டாவில் பாதிப் பேருக்குப் பருவ வேலைதான் வேலை. நிரந்தரமானது மட்டும்தான் அனுபவம் என்றால் இங்கே யாருக்கும் இரண்டாம் பகுதியே கிடையாது. எழுதித் தருகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

காசு விஷயத்தில் கறார் இல்லை. பிழை திருத்தத்துக்கு வாங்குவதில்லை. முதல் இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைக்கு ஃபைல் கவர் இலவசம்.

முடிவில் உறுதிமொழி. மேற்கண்டவை யாவும் உண்மை என்பதற்குக் கீழே இடப்பக்கம் இரண்டு வரி. இடம்: கீழ்வேளூர் என்று அச்சாகியிருக்கும். தேதி காலியாக இருக்கும், அடுத்த வருஷமும் ஜெராக்ஸ் போட்டுக்கொள்ள.